பட்டாளத்துக்குப் போன தந்தையைத் தேடி

கல்லறைத் திருநாளன்று மாலையில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். சுண்ணாம்பு அடித்த கல்லறைகளின் மேல் சாமந்திப் பூ மாலையும், வரிசை வரிசையாக மெழுகுவர்த்தி வெளிச்சமுமாக இருக்கும். சுவாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். வெளியூரில் வேலை செய்கிறவர்கள்கூட அன்று வந்து, தங்கள் தாய் தந்தையர் கல்லறையண்டை முழங்காலில் நிற்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் எங்கள் தெரு மூதாட்டி ஒருவரை நாங்கள் ஆண்டுதோறும் கவனித்ததுண்டு. எண்பதைக் கடந்த அவரைத் தெருவில் எல்லோரும் 'ஆயா' என்றே அழைப்போம். அவர் தம் தாயின் கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுவார். பிறகு இன்னொன்றை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து, நடுவிலுள்ள பெரிய சிலுவையின் அடியில் ஏற்றி வைப்பார். இது யாருக்கு என்று சென்ற நவம்பரில் நாங்கள் கேட்டோம்.

"எங்க அப்பாவுக்கும்மா. பட்டாளத்துக்குப் போனாரு, திரும்பி வரல. எங்க பொதைச்சாங்களோ, என்னிக்குச் செத்தாரோ, ஒண்ணும் தெரியாது. நாள் தெரிஞ்சா அன்னிக்கு ஒரு பூசை வைக்கலாம். அதான் பொதுவா இந்தச் சிலுவையிலே ஏத்திட்டுப் போறேன்" என்றார்.

இந்த வார்த்தை எங்கள் மனத்தைத் தொட்டது. பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் இரண்டு உலகப் போர்களையும் படித்திருக்கிறோம். தேதிகளை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்தப் போர் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் இன்னும் முடியாமல் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. வரலாற்று ஆசிரியையான சகோதரியிடம் சொன்னோம். "அப்படியானால் தேடுங்கள். தேடும் முறையைக் கற்றுக்கொண்டு தேடுங்கள்" என்றார்கள். நாங்கள் கற்றதையே இந்த ஆண்டு மலரில் எழுதுகிறோம். நம் மாணவிகள் பலருடைய வீட்டிலும் 'பட்டாளத்தார் வீடு' என்ற பெயர் இருக்கிறது. அவர்களுக்கு இது பயன்படலாம்.

எத்தனை பேர் போனார்கள்?

முதலாம் உலகப் போர் 1914 முதல் 1918 வரை நடந்தது. அப்போது நம் நாடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். ஏறக்குறைய 74,000 பேர் திரும்பவில்லை. பிரான்சிலும், இன்று ஈராக் எனப்படும் மெசப்பொட்டேமியாவிலும், கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அவர்கள் மடிந்தார்கள். வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அவ்வூரிலிருந்து 277 பேர் அந்தப் போருக்குச் சென்றதாகவும், அவர்களில் 14 பேர் உயிர் துறந்ததாகவும் அது கூறுகிறது. கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் படிக்கலாம்.

இரண்டாம் உலகப் போர் 1939 முதல் 1945 வரை நடந்தது. போர் முடிந்தபோது இந்தியப் படையில் இருபத்தைந்து லட்சம் பேர் இருந்தார்கள். சட்டம் போட்டுக் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர் அவர்கள். உலகிலேயே மிகப் பெரிய தன்விருப்பப் படை அது என்பார்கள். பஞ்சாபுக்கு அடுத்தபடி அதிகம் பேரை அனுப்பியது நம் சென்னை மாகாணம். மடிந்த இந்திய வீரர்கள் சுமார் 87,000 பேர்.

தன்விருப்பம் என்று ஏட்டில் எழுதினாலும், பசியும் ஒரு கட்டாயந்தானே! எங்கள் பகுதி வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் மல்லாட்டைக் கொல்லையில் வேலை கிடையாது. பட்டாளத்தில் சேர்ந்தால் மூன்று வேளைச் சோறு, உடுப்பு, வீட்டுக்கு மாதாமாதம் மணியார்டர். ஆயாவின் தந்தையும் அப்படித்தான் போனாராம். கைக்குழந்தையான மகளை ஒரே ஒரு விடுமுறையில் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனவர்தான். அவர் இறந்த செய்தி ஒரு காகிதத்தில் வந்ததாம். ஆயாவின் தாயாருக்குப் படிக்கத் தெரியாது. கூரை வீடு ஒரு முறை தீப்பிடித்தபோது அந்தக் காகிதமும் போயிற்று. அந்த அம்மாள் தாம் சாகும்வரை, 'வருவார்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

தேடல் வீட்டில் தொடங்குகிறது

படைவீரர் ஒருவரைப் பற்றித் தேடப் புறப்படுகிறவர்கள் முதலில் டில்லிக்கோ லண்டனுக்கோ எழுதக் கூடாது. வீட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். இதுவே நாங்கள் கற்ற முதற் பாடம்.

அதில் என்னென்ன இருக்கலாம்? உயிரோடு திரும்பியவராயிருந்தால் 'டிஸ்சார்ஜ் புத்தகம்' இருக்கும். படையிலிருந்து விலகும்போது கொடுக்கும் சிறு ஏடு அது. சேர்ந்த நாள், விலகிய நாள், எண், பிரிவு, பதவி, பெற்ற பதக்கங்கள், நன்னடத்தை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஓய்வூதியப் புத்தகம், உடுப்போடு எடுத்த புகைப்படம், தோளிலோ தொப்பியிலோ அணிந்த பித்தளைச் சின்னம், பழைய கடித உறை ஆகியவையும் சான்றுகளே. புகைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடக் கூடாது. அதன் பின்புறத்தில் ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அச்சிட்டிருந்தால், அவர் எந்த ஊர் முகாமில் இருந்தார் என்பதற்கு அது ஒரு துப்பு ஆகும்.

ஆயாவின் தகரப் பெட்டியில் இவை ஒன்றும் இல்லை. பழைய ஜெபமாலை ஒன்றோடு, துணியில் சுற்றிய ஒரு பதக்கம் மட்டும் இருந்தது. வெள்ளி நிறத்தில் வட்டமான பதக்கம். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் இரட்டைத் தலைப் பறவை நாகத்தை மிதித்து நிற்கும் சிங்கமும், 1939 - 1945 என்ற ஆண்டுகளும். இரண்டாம் உலகப் போரில் குறைந்தது 28 நாள் பணி செய்த படைவீரர்களுக்கெல்லாம் பொதுவாக வழங்கிய போர்ப் பதக்கம் இது என்று பிறகு அறிந்தோம்.

எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. எல்லோருக்கும் கொடுத்த பதக்கத்தால் என்ன தெரியப் போகிறது? அப்போது சகோதரி, "பக்கங்களைப் பார்த்துவிட்டீர்கள், ஓரத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். சட்டைத் துணியால் துடைத்து வெயிலில் காட்டினோம். நாணயத்தின் விளிம்பு போன்ற அந்த ஓரத்தில் ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. ஓர் எண், ஒரு பெயர், அதற்கு அப்பால் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்ற ஐந்து எழுத்துகள்!

அந்தப் போரில் இங்கிலாந்து நாட்டு வீரர்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்தியப் படையினருக்குக் கொடுத்த பதக்கங்கள் பலவற்றில் எண், பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டன. எழுபது, எண்பது ஆண்டுகளாகத் தந்தையின் அடையாளம் ஆயாவின் தலைமாட்டிலேயே இருந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததால் யாரும் படிக்கவில்லை.

எழுத்துகளின் பொருள்

ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்பது ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்பதன் சுருக்கம். படைக்கு அரிசி, மாவு, பெட்ரோல், தீவனம் ஆகியவற்றைக் கொண்டு சேர்ப்பது இந்தப் பிரிவின் வேலை. லாரியிலும் கோவேறு கழுதையின் முதுகிலும் ஏற்றிக்கொண்டு, பாதையில்லாத மலைகளிலும் போனார்கள். துப்பாக்கி ஏந்தியவர்களைப் பற்றியே புத்தகங்கள் அதிகம் பேசுகின்றன. ஆனால் சோறு போகாத இடத்துக்கு எந்தப் படையும் போக முடியாது அல்லவா?

பிரிவு தெரிந்தால்தான் எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்பது தெரியும். நம் நாட்டில் ஒவ்வொரு படைப் பிரிவுக்கும் தனித்தனி ஆவண அலுவலகம் உண்டு. தமிழர் அதிகம் சேர்ந்த பிரிவுகளைச் சொல்லுகிறோம்.

மதராஸ் ரெஜிமெண்டின் மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. 1758-ல் தொடங்கிய பழம்பெரும் காலாட்படை இது. பாலமும் சாலையும் அமைத்து, கண்ணிவெடி அகற்றும் மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் பிரிவின் மையம் பெங்களூரில் உள்ளது. ராயல் என்ற சொல் பின்னர் நீங்கி ஆர்மி சர்வீஸ் கோர் என்று வழங்கும் பிரிவுக்கும், பயனியர் கோருக்கும் மையங்கள் பெங்களூரிலேயே இருக்கின்றன. பீரங்கிப் படையானால் நாசிக் ரோடு. தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் ஆனால் ஜபல்பூர். மருத்துவப் பிரிவானால் லக்னோ. வண்டிகளையும் ஆயுதங்களையும் பழுது பார்க்கும் பிரிவானால் செகந்தராபாத்.

எழுதும்போது எண்ணை முதலில் குறிப்பிட வேண்டும். ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். ஒரு பிரிவில் ஓர் எண்ணுக்கு ஒருவர்தான். எழுதுகிறவர் அவருக்கு என்ன உறவு என்பதையும் சான்றுடன் காட்ட வேண்டும். ஓய்வூதியம் பெறாதவர்களின் மிகப் பழைய ஏடுகள் காலம் கடந்தபின் அழிக்கப்படுவதும் உண்டு. ஆகையால் ஒரே கதவைத் தட்டிவிட்டு நின்றுவிடக் கூடாது. மாவட்டத் தலைநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்கலாம். ஆங்கிலேயர் கால இந்தியாவைப் பற்றிய பெருந்தொகையான ஏடுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

இறந்தவர்களின் பட்டியல்

போரில் இறந்தவர்களைத் தேட இன்னொரு வழி இருக்கிறது. 1917-ல் நிறுவப்பட்ட போர்க் கல்லறை ஆணையம், இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்ற பெயரில் சுமார் பதினேழு லட்சம் பேருடைய நினைவைக் காத்து வருகிறது. பணக்காரர், ஏழை, அதிகாரி, சிப்பாய் என்ற வேற்றுமை இன்றி எல்லோருக்கும் ஒரே அளவுள்ள கல் என்பது அதன் கொள்கை. சென்னையில் நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டமும் அதன் பராமரிப்பில்தான் இருக்கிறது. உடல் கிடைக்காதவர்களின் பெயர்களைப் பெரிய தூண்களிலும் சுவர்களிலும் பொறித்திருக்கிறார்கள். இரண்டாம் போரைப் பொறுத்தவரை 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்த படைவீரர்கள் இந்தப் பட்டியலில் சேர்வார்கள். இதைக் கணிப்பொறியில் யாரும் கட்டணமின்றித் தேடலாம். பெயர், எண், பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றுடன், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர் என்ற குறிப்பும் பலருக்கு உண்டு.

ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லோரும் சமம் என்ற கொள்கை முதலாம் போரில் இறந்த நம்மவர் விஷயத்தில் பல இடங்களில் காக்கப்படவில்லை. ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்களையோ எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள். இப்படிப்பட்ட குறைகளை ஆராய்ந்து, 2021-ல் அந்த ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. பெயரில்லாமலே விடப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருப்பார்கள் என்று அவ்வறிக்கை கூறுகிறது.

பெயரால் வந்த சிக்கல்

பள்ளிக் கணிப்பொறி அறையில் அமர்ந்து ஆயாவின் தந்தை பெயரைத் தட்டினோம். கிடைக்கவில்லை. எழுத்தை மாற்றி மாற்றித் தட்டினோம். அப்போதும் கிடைக்கவில்லை.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் முன்னோர் அர்ச்சியசிஷ்டவர்களின் பெயர்களைத் தமிழாக்கி வைத்துக்கொண்டார்கள். பேதுரு என்பவர் இராயப்பர், பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர், யாக்கோபு யாகப்பர், சூசை என்பது யோசேப்பு, சவரியார் என்பது சேவியர். பழைய பங்கு ஏடுகளை எழுதிய குருக்கள் பெயர்களை லத்தீன் வடிவத்தில் எழுதுவதும் வழக்கம். ஆகவே வீட்டில் சின்னப்பன் என்று அழைக்கப்பட்டவர், ஞானஸ்நான ஏட்டில் பவுலுஸ் என்று இருப்பார். ஆள் சேர்த்த எழுத்தரோ தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஒருவருக்கு மூன்று பெயர்!

ஊர்ப் பெயரும் அப்படியே. விழுப்புரம் மாவட்டம் 1993-ல் தான் உருவாயிற்று. அதற்கு முன் நாம் தென்னாற்காடு மாவட்டம், திருக்கோவிலூர் தாலுகா. ஆகையால் பழைய ஏடுகளில் விழுப்புரம் என்று தேடினால் வராது; தென்னாற்காடு என்று தேட வேண்டும்.

கடைசியில் பெயரை விட்டுவிட்டு, பதக்கத்தின் ஓரத்திலிருந்த எண்ணை மட்டும் தட்டினோம். ஒரே ஒரு பதிவு வந்தது. பெயரில் இரண்டு எழுத்துகள் மாறியிருந்தன. பிரிவு அதேதான். தந்தை பெயரும் மனைவி பெயரும், தென்னாற்காடு என்ற சொல்லும் இருந்தன. பங்கு ஏட்டிலுள்ள ஆயாவின் ஞானஸ்நானப் பதிவோடு சகோதரி ஒத்துப் பார்த்தார்கள். தாய் தந்தையர் பெயர் சரியாக இருந்தது. குடும்பத்தார் விரும்பாததால் பெயர்களை இங்கே எழுதவில்லை.

இறந்தது 1945 ஏப்ரலில் ஒரு நாள். பெயர் பொறிக்கப்பட்ட இடம் பர்மாவில் ரங்கூனுக்கு வடக்கே டௌக்யான் என்னும் இடத்திலுள்ள ரங்கூன் நினைவுச் சின்னம். அங்கே தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் உள்ளன. கல்லறை அறியப்படாதவர்கள் அவர்கள்.

எப்படி இறந்தார் என்று பதிவு சொல்லவில்லை. இங்கேதான் நம் பாடப் புத்தகம் உதவுகிறது. 1945 மார்ச்சில் மெய்க்டிலாவும் மாண்டலேயும் ஜப்பானியரிடமிருந்து மீட்கப்பட்டன. மழைக்காலம் தொடங்குவதற்குள் ரங்கூனை எட்டிவிட வேண்டும் என்று பதினான்காம் படை தெற்கு நோக்கி விரைந்தது. மே 3-ஆம் நாள் ரங்கூன் மீட்கப்பட்டது. அந்தப் படையின் வீரர்களில் பெரும்பாலோர் இந்தியர். அந்த ஏப்ரல் மாதம் முழுவதும், விரைந்து ஓடும் படைக்குப் பின்னால் உணவும் பெட்ரோலும் போய்க்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஒரு தேதி கிடைத்தால், அதைச் சுற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறது.

இவ்வாறு தேடிய பிறர்

இப்படித் தேடியவர்கள் நாங்கள் மட்டும் அல்ல. நாடக ஆசிரியர் கிரீஷ் கர்நாடின் மகன் ரகு கர்நாட், தம் பாட்டி வீட்டில் இருந்த புகைப்படங்களில் காணப்பட்ட மூன்று இளைஞர்கள் யார் என்று தேடத் தொடங்கினார். மூவரும் அவருடைய தாய்வழி உறவினர். மூவரும் இரண்டாம் போரில் இந்தியப் படையில் சேர்ந்து, போர் முடியுமுன் இறந்தவர்கள். அவர்களில் ஒருவர் அவருடைய தாயாரின் தந்தை. சென்னையில் மருத்துவம் படித்து, படை மருத்துவரானவர். இந்தத் தேடலை ரகு கர்நாட் ஒரு நூலாக எழுதி 2015-ல் வெளியிட்டார். தெரிந்தவர்கள் பலரும் மறைந்த பிறகே அவர் கேட்கத் தொடங்கினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பஞ்சாபில் முதலாம் போருக்குச் சென்ற சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் ஊர் வாரியாக எழுதப்பட்டு, லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. 2021 முதல் அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றி, எல்லோரும் தேடும்படி செய்து வருகிறார்கள். நம் தமிழ் மாவட்டங்களின் வீரர்களைப் பற்றியும் யாரேனும் இவ்வாறு செய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

வீரச் செயலுக்காகப் பெயர் நிலைத்தவர்களும் நம்மில் உண்டு. மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24-ல், இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில், வெடிக்கப் போகும் கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து உடனிருந்தவர்களைக் காத்து உயிர் துறந்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய விருது, மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

வேறு கொடிகளின் கீழ்

நம் பகுதியில் தேடுகிறவர்கள் இன்னும் இரண்டு வழிகளை மறக்கக் கூடாது.

ஒன்று, புதுச்சேரி. அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தனர். அவர்களை 'சொல்தா' என்பார்கள். அவர்களைப் பற்றிய ஏடுகள் பெங்களூரில் இரா, பிரான்சில்தான் இருக்கும். முதலாம் போரில் பிரான்சுக்காக இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் 1938-ல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தை, சுற்றுலா சென்றபோது நம்மில் பலர் பார்த்திருப்போம்.

மற்றொன்று, இந்திய தேசிய ராணுவம். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சிறைப்பட்ட இந்திய வீரர்களில் பல ஆயிரவர் இந்தப் படையில் சேர்ந்தனர். பின்னர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தலைமை ஏற்றார். மலேயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழரும் திரளாகச் சேர்ந்தனர். மாணவிகளான நாம் பெருமைப்படத் தக்கது, 1943-ல் தொடங்கிய ஜான்சி ராணிப் படை. அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி. அதில் சேர்ந்த பெண்களில் தோட்டத் தொழிலாளர் வீட்டுத் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். நம் வயதுப் பெண்களும் இருந்தார்கள். இந்தப் படையினரில் பலரிடம் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இருக்கவில்லை. மத்திய அரசு 1972-ல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் தொடங்கியபோது, சிறைச் சான்றோ, உடனிருந்தவர் தரும் சான்றோ அவர்களுக்குத் தேவைப்பட்டது.

எந்தக் கொடியின் கீழ் நின்றாலும், வீட்டில் காத்திருந்த பிள்ளைக்கு அவர் தந்தைதான். போரைப் புகழ்வதற்காக நாங்கள் இதை எழுதவில்லை. போருக்கு என்ன விலை கொடுக்கப்படுகிறது என்பது ஒரு தகரப் பெட்டியைத் திறந்தாலே தெரிகிறது.

பெயரைக் காப்பது நம் மரபு

போரில் விழுந்தவனுக்கு நடுகல் நாட்டி, அவன் பெயரையும் செயலையும் எழுதி வைத்தது தமிழர் வழக்கம். நமக்குச் சற்று மேற்கே செங்கம் பகுதியில் அத்தகைய கற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பக்கத்திலுள்ள திருக்கோவிலூரில் பெண்ணை ஆற்றின் நடுவே கபிலர் குன்று இருக்கிறது. பாரி போரில் மடிந்தபின், தந்தையை இழந்த பெண்ணைத் திருக்கோவிலூர் மலையமானிடம் சேர்த்துவிட்டு, கபிலர் அங்கே தீப்புகுந்தார் என்று முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. போரில் தந்தையை இழந்த மகளின் துயரம் எங்கள் வட்டாரத்துக்குப் புதிதன்று.

நம் மறையிலும் இதற்கு இடம் உண்டு. போரில் இறந்த தம் வீரர்களுக்காக யூதா மக்கபே இரண்டாயிரம் வெள்ளிக் காசு திரட்டி, பலி ஒப்புக்கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்பியதை மக்கபேயர் இரண்டாம் நூலில் படிக்கிறோம். இறந்தோருக்காக வேண்டிக்கொள்ளும் நம் வழக்கத்துக்குத் திருச்சபை காட்டும் சான்றுகளில் இது ஒன்று. போர்க்களத்தில் விழுந்தவர்களை நினைத்துத்தான் அது நடந்தது என்பதை நாங்கள் இந்த ஆண்டுதான் கவனித்தோம்.

தோழியரே, நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. வீட்டில் பதக்கம் இருந்தால் அதன் ஓரத்தைப் படியுங்கள். எண்ணையும் எழுத்துகளையும் உள்ளது உள்ளபடி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புகைப்படத்தின் பின்புறம், இருப்பவர்களின் பெயர்களைப் பென்சிலால் குறியுங்கள். பதக்கத்தை எடைக்குப் போட விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெரியவர்களை இன்றே கேளுங்கள். காகிதம் சில நூறு ஆண்டு இருக்கும். பாட்டிமார் இருக்க மாட்டார்கள்.

ஆயாவின் தந்தையின் பணி விவரம் கேட்டு, அவர் மகன் கையெழுத்திட்ட கடிதம் பெங்களூருக்குப் போயிருக்கிறது. இந்த மலர் அச்சாகும் நேரத்தில் அது தபாலில் இருக்கிறது.

தேதியைச் சொல்ல நாங்கள் ஆயா வீட்டுக்குப் போன அன்று அவர் திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். சொன்னோம். தாளில் எழுதியும் கொடுத்தோம். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தத் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ஏப்ரல் மாசமா? அப்போ எனக்கு ரெண்டு வயசு" என்றார். சற்றுக் கழித்து, "எங்க அம்மாவுக்குத் தெரியாமப் போச்சே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வரும் ஏப்ரலில் அந்த நாளில் நம் கோவிலில் காலைப் பூசை அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படும். சுவாமியார் ஏட்டில் பெயரை எழுதிக்கொண்டார். அப்போது எங்களுக்கு அரசுத் தேர்வு நேரம். ஆனாலும் நாங்கள் எல்லோரும் போவோம். நீங்களும் வாருங்கள்.